குளிர்ந்த டீசல் எஞ்சினின் முதல் ஐந்து நிமிடம்

இரவு முழுக்கக் குளிரில் நின்ற டீசல் கார். ஸ்டார்ட் செய்ததும் கடகடவென்று சத்தம், ஸ்டீயரிங்கில் நடுக்கம், பின்னால் வெள்ளைப் புகை. ஒரு நிமிடத்தில் எல்லாம் அடங்கிவிடுகிறது. இதைப் பார்த்துப் பயந்து சிலர் டீசலைச் சிலிண்டருக்குள் தெளிக்கும் இன்ஜெக்டர் வரை கழற்றிவிடுகிறார்கள். சிலர் 'டீசல் வண்டின்னா அப்படித்தான்' என்று வருடக்கணக்கில் விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே தவறு. குளிரில் ஐடிலிங், அதாவது ஆக்ஸிலரேட்டரை மிதிக்காமல் எஞ்சின் நின்ற இடத்தில் ஓடுவது, கெடுவதற்குப் பத்துப் பன்னிரண்டு காரணங்கள் உண்டு. ஆனால் அவை எல்லாம் ஒரே நேரத்தில் தலைகாட்டுவதில்லை. எது ஸ்டார்ட் ஆகும்போதே தெரிகிறது, எது முதல் நிமிடத்தில் மட்டும் இருக்கிறது, எது நான்காவது நிமிடத்தில் வருகிறது, எது எஞ்சின் சூடான பிறகும் போகாமல் நிற்கிறது என்று கவனித்தாலே கோளாறு இருக்கும் இடம் பெரும்பாலும் பிடிபட்டுவிடும். வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனரை மாட்டுவதற்கு முன்னால் கடிகாரத்தைப் பாருங்கள் என்று நான் சொல்வது அதனால்தான்.

முதலில், குளிர் ஏன் டீசலை இவ்வளவு படுத்துகிறது என்று பார்த்துவிடலாம். பெட்ரோல் எஞ்சினில் பற்றவைக்க ஸ்பார்க் பிளக் இருக்கிறது. டீசலில் அந்த வேலையை அமுக்கப்பட்ட காற்றின் சூடுதான் செய்கிறது. அழுத்த விகிதம் 16.5 உள்ள, அதாவது காற்றை 16.5இல் ஒரு பங்கு இடத்துக்குள் அமுக்கும் ஓர் எஞ்சினை எடுத்துக்கொள்வோம். உள்ளே வரும் காற்று 20 டிகிரி செல்சியஸ், எஞ்சின் ஏற்கெனவே சூடாகி நல்ல வேகத்தில் ஓடுகிறது என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது காற்று சுமார் 500 டிகிரிக்கு வந்துவிடும். அதே எஞ்சின் மைனஸ் 20 டிகிரியில் ராத்திரி முழுக்க நின்றபின், செல்ஃப் மோட்டார் அதை நிமிடத்துக்கு 150 சுற்றில் மெல்லச் சுற்றும்போது, காற்று 240 டிகிரியைத் தொடுவதே பெரும்பாடு.

வெளிக்காற்றில் 40 டிகிரி வித்தியாசம், உள்ளே 260 டிகிரி வித்தியாசமாகப் பெருகிவிடுகிறது. காரணம் வேகம். 750 ஆர்.பி.எம்.மில் ஒரு கம்ப்ரஷன் ஸ்ட்ரோக் 40 மில்லி வினாடியில் முடிந்துவிடும். 150 ஆர்.பி.எம்.மில் அதற்கு 200 மில்லி வினாடி ஆகிறது. காற்று குளிர்ந்த சிலிண்டர் சுவருக்குச் சூட்டைக் கொடுக்கவும், ரிங் இடுக்கு வழியாகக் கசியவும் ஐந்து மடங்கு நேரம் கிடைக்கிறது. டீசல் தானாகப் பற்றும் வெப்பநிலை சுமார் 210 டிகிரிதானே, 240 போதாதா என்று கேட்கலாம். அந்த 210 என்பது ஆய்வகத்தில் நிதானமாகக் காத்திருந்து அளந்த எண். சிலிண்டருக்குள் டீசலுக்குக் கிடைப்பது சில மில்லி வினாடிகள் மட்டும். அதற்குள் ஆவியாகி, காற்றோடு கலந்து, பற்ற வேண்டுமென்றால் சூடு இன்னும் நிறைய வேண்டும்.

தெளிக்கப்பட்ட டீசல் பற்றிக்கொள்ள எடுக்கும் அந்தத் தாமதத்தில்தான் குளிர் ஐடிலிங்கின் அடையாளங்கள் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. தாமதம் நீண்டால் டீசல் உள்ளே சேர்ந்துகொண்டே போய், பிறகு மொத்தமும் ஒரே அடியாகப் பற்றுகிறது. நமக்குக் கேட்கும் நாக்கிங் அதுதான். இன்னும் நீண்டு, பிஸ்டன் கீழே இறங்கத் தொடங்கிவிட்டால் அந்தச் சுற்றில் பற்றாமலே போய்விடும். அது மிஸ்ஸிங், அதனால் நடுக்கம். பற்றாத டீசல் நுண்ணிய துளிகளாக வெளியே வருவதுதான் கண்ணை எரிக்கும் வெள்ளைப் புகை. எரிபொருளின் சீட்டேன் எண் இந்தத் தாமதத்தைத்தான் குறிக்கிறது. எண் கூடினால் தாமதம் குறையும். ஐரோப்பிய ஈ.என். 590 தரத்தில் குறைந்தபட்சம் 51, அமெரிக்க டீசல் தரத்தில் குறைந்தபட்சம் 40. ஒரே எஞ்சின் ஓரிடத்தில் காலையில் அமைதியாகவும் இன்னோரிடத்தில் இரைச்சலாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே பொதுக் குழாயிலிருந்து உயரழுத்த டீசல் கொடுக்கும் காமன் ரெயில் எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால் என்ன செய்யும்? ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே, சிலிண்டருக்குள் நீண்டிருக்கும் மின்சாரச் சூடேற்றியான ஹீட்டர் பிளக்கைச் சூடாக்கும். ஸ்டார்ட் ஆனதும், வழக்கமாக 750 முதல் 850 வரை இருக்கும் ஐடிலை 950, 1100 என்று உயர்த்தும். முதன்மைத் தெளிப்புக்கு முன்னால் ஒன்றோ இரண்டோ சின்ன முன்தெளிப்புகளைச் சேர்த்து நாக்கிங்கை அடக்கும். எரிந்த புகையில் ஒரு பகுதியை மறுபடி எஞ்சினுக்குள் விடும் ஈ.ஜி.ஆர். வால்வை மூடி வைக்கும். ஹீட்டர் பிளக்கை உடனே அணைக்காமல், பல எஞ்சின்களில் மூன்று நிமிடம் வரை எரியவிடும். கூலன்ட் சூடாகச் சூடாக இவற்றை ஒவ்வொன்றாக விலக்கிக்கொள்ளும். ஆகவே குளிரில் ஆர்.பி.எம். ஏறி நிற்பது, சத்தம் கொஞ்சம் கூடுவது, முதல் சில வினாடி லேசாகப் புகைவது எல்லாம் இயல்பு. ஏ.சி.யோ மின்சாரக் கேபின் ஹீட்டரோ ஓடினால் ஆல்டர்னேட்டர் சுமைக்காக ஐடில் இன்னும் கொஞ்சம் ஏறும். அதையும் கோளாறு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஸ்டார்ட் ஆகும் வரை

செல்ஃப் அடிக்கும் சத்தமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். மெதுவாக, முனகிக்கொண்டு சுற்றுகிறது என்றால் எரிபொருளைப் பற்றி யோசிக்கவே வேண்டாம், பேட்டரியும் ஆயிலும்தான். மைனஸ் 18 டிகிரியில் லெட் ஆசிட் பேட்டரி தரும் திறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதே குளிரில் ஆயில் கெட்டியாகி, எஞ்சினைச் சுழற்றத் தேவையான விசை இரட்டிப்பை நோக்கிப் போகும். ராத்திரி ஓய்வுக்குப் பின் பேட்டரி 12.6 வோல்ட் காட்ட வேண்டும். செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. இறங்கினால் எஞ்சின் மெதுவாகச் சுற்றுவதோடு கம்ப்யூட்டரும் தடுமாறும்.

ஆயில் டப்பாவில் டபிள்யூவுக்கு முன்னால் இருக்கும் எண் இதற்காகத்தான். எஸ்.ஏ.இ. ஜே300 தரத்தின்படி, செல்ஃப் அடிக்கும் நிலைக்கான பாகுநிலையை 15டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 20 டிகிரியிலும், 10டபிள்யூவுக்கு மைனஸ் 25லும், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30லும், 0டபிள்யூவுக்கு மைனஸ் 35லும் சோதிக்கிறார்கள். மைனஸ் 20ஐத் தொடும் இடத்தில் 15டபிள்யூ-40 ஊற்றி வைத்துக்கொண்டு பேட்டரியைத் திட்டுவதில் பயனில்லை.

நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பத்து வினாடி, பதினைந்து வினாடி அடித்தால்தான் பற்றுகிறது, பற்றியபின் அரை நிமிடம் ஏறி இறங்கித் தடுமாறிவிட்டுச் சரியாகிறது. இது எரிபொருள் லைனில் ஏர் பிடிப்பதன் அடையாளம். ராத்திரியில் டீசல் டேங்குக்குத் திரும்பி வடிந்துவிட, அந்த இடத்தில் காற்று நுழைகிறது. குளிரில் ஃபில்டர் மூடியின் ரப்பர் ஓ ரிங் இறுகிச் சுருங்குவதால் கோடையில் கசியாத இணைப்பு குளிர்காலத்தில் காற்றை இழுக்கும். ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு அடி நீளத்துக்கு உள்ளே இருப்பது தெரியும் ஹோஸ் ஒன்றைத் தற்காலிகமாக மாட்டி, மறுநாள் காலை ஸ்டார்ட் செய்யும்போது பாருங்கள். ஒன்றிரண்டு சின்னக் குமிழ்கள் வந்து நின்றுபோனால் கவலையில்லை. ஹோஸ் பாதி காலியாக இருந்தாலோ, தொடர்ந்து நுரை வந்தாலோ கசிவு உறுதி. காமன் ரெயிலில் ரெயில் அழுத்தம் சுமார் 200 பாரைத் தொட்டால்தான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடும். காற்றை அமுக்கி அந்த அழுத்தத்தை எழுப்ப முடியாது, அதனால்தான் அவ்வளவு நேரம் வெறுமனே சுற்றுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் இன்ஜெக்டர் ரிட்டர்ன் கசிவு, அதாவது இன்ஜெக்டரிலிருந்து டீசல் அளவுக்கு மீறி டேங்குக்குத் திரும்புவது, என்று முடிவுகட்டிவிடுவது. ரிட்டர்ன் கசிவு, டீசல் சூடாகி நீர்த்துப்போகும்போதுதான் மோசமாகும். ஓடி நிறுத்திய வண்டி கால் மணி நேரம் கழித்து ஸ்டார்ட் ஆக மறுத்தால் இன்ஜெக்டரைச் சந்தேகப்படுங்கள். காலையில் மட்டும் சிரமம், சூட்டில் அரைச் சுற்றில் பற்றுகிறது என்றால் ஹீட்டர் பிளக், கம்ப்ரஷன், பேட்டரி, ஏர் என்ற வரிசையில் தேடுவதுதான் சரி.

முதல் நிமிடம்

பற்றிவிட்டது. நடுங்குகிறது, வெள்ளைப் புகை வருகிறது, முப்பது வினாடி முதல் ஒரு நிமிடத்துக்குள் தானாகச் சீராகிறது. மிகப் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோ ஹீட்டர் பிளக் போயிருக்கும். நான்கில் ஒன்று வேலை செய்யாவிட்டாலும் மற்ற மூன்று சிலிண்டர் எஞ்சினைச் சுழற்றிவிடும், நான்காவது அவற்றின் புண்ணியத்தில் சூடேறி மெல்லச் சேர்ந்துகொள்ளும். அதனால் வண்டி ஸ்டார்ட் ஆகிவிடுகிறதே, ஹீட்டர் பிளக் நன்றாகத்தான் இருக்கும் என்று நினைப்பது தவறு. டாஷ்போர்டில் எரியும் சுருள் விளக்கையும் நம்ப வேண்டாம். பழைய கார்கள் பலவற்றில் அது வெறும் டைமர். பிளக் நான்கும் செத்துக் கிடந்தாலும் அது அழகாக எரிந்து அணையும்.

சோதிக்கும் முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் புதுப் பிளக்கையும் கெடுத்துவிடுகிறார்கள். முதலில் பிளக்கின் தலையில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், அல்லது பாகத்தின் எண்ணை வைத்துத் தேடுங்கள். பழைய வகை 11, 12 வோல்ட்டில் வேலை செய்யும். புதிய வகைகள் 4.4, 5, 7 வோல்ட்டுக்கானவை. கட்டுப்பாட்டுப் பெட்டி முதல் இரண்டு வினாடி முழு வோல்ட் கொடுத்து, பிறகு விட்டுவிட்டு மின்சாரம் செலுத்திச் சராசரியைக் குறைக்கும். அப்படிப்பட்ட பிளக்கை பேட்டரியில் நேராகப் பிடித்து 'சிவக்கிறதா' என்று பார்த்தால் சில வினாடியில் முனை உருகிவிடும்.

பிளக்கின் வயரைக் கழற்றி, மல்டிமீட்டரில் பிளக் முனைக்கும் எஞ்சின் பிளாக்குக்கும் இடையே மின்தடையை அளக்கலாம். 12 வோல்ட் வகையில் நல்ல பிளக் ஒரு ஓமை ஒட்டியோ அதற்குக் கீழோ காட்டும். குறைந்த வோல்ட் வகையில் அதைவிடக் குறைவு. முடிவிலி காட்டினால் அறுந்துவிட்டது. ஆனால் இவ்வளவு சின்ன மின்தடையில் மீட்டரின் வயரே 0.3 ஓம் சேர்த்துவிடும். அதனால் முதலில் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, வருகிற எண்ணைக் கழித்துக்கொள்ள வேண்டும். நான் இதைவிட நம்புவது கிளாம்ப் மீட்டரை. டீ.சி. அளக்கும் கிளாம்ப்பை ஒவ்வொரு பிளக்கின் வயரிலும் மாட்டி, இக்னிஷனைப் போட்டுப் பாருங்கள். 12 வோல்ட் வகையில் தொடக்கத்தில் 20 ஆம்பியருக்கு மேல் ஏறி, சுருள் சூடாகச் சூடாக மின்தடை கூடி, பத்து வினாடிக்குள் 8 முதல் 15 ஆம்பியருக்கு இறங்கி நிற்கும். நான்கும் ஒரே மாதிரி இறங்க வேண்டும். ஒன்று மட்டும் 4 ஆம்பியரில் நின்றால், மல்டிமீட்டர் அதை 'நல்லது' என்று சொன்னாலும் அது சூடாகவில்லை. நான்கிலும் சைபர் என்றால் பிளக்கை விட்டுவிட்டு ரிலேயையும் அதன் பெரிய ஃபியூஸையும் பாருங்கள்.

கழற்றுவதுதான் ஆபத்தான கட்டம். பல வருடம் கரி பிடித்த பிளக், சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே முறிந்தால் செலவு பத்து மடங்காகிவிடும். முந்தைய நாளே துருநீக்கி ஆயிலை ஊற்றி வையுங்கள். எஞ்சினை நன்றாகச் சூடாக்கிவிட்டுக் கழற்றுங்கள். டார்க் ரெஞ்சில் வரம்பு வைத்துத் திருகுங்கள். 10 மில்லிமீட்டர் மரைக்கு 35 நியூட்டன் மீட்டர், 8 மில்லிமீட்டருக்கு 20. அதற்கு வரவில்லையென்றால் பலத்தைக் கூட்டாமல், திரும்ப இறுக்கி, திரும்பத் தளர்த்தி, மறுபடி ஆயில் விட்டு, மறுபடி சூடாக்கி முயலுங்கள். புதிதை மாட்டும்போது ஓட்டையில் உள்ள கரியை அதற்கான ரீமரால் எடுத்துவிட்டு, 8 மில்லிமீட்டருக்கு சுமார் 10, 10 மில்லிமீட்டருக்கு 15 முதல் 18 நியூட்டன் மீட்டர் என்ற அளவில், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ளபடி இறுக்குங்கள். செராமிக் பிளக் கை தவறிக் கீழே விழுந்தால் அதை மாட்டாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் உள்ளே போய் உடையும்.

டீசலை முதலில் ஒரு சின்ன அறைக்குள் தெளிக்கும் பழைய முன்அறை வகை எஞ்சின்களில் அழுத்த விகிதம் 21, 22 இருந்தும், இதமான காலையில்கூட ஹீட்டர் பிளக் இல்லாமல் பற்றாது. முன்அறையின் சுவர்ப் பரப்பு அதிகம், சூட்டை உறிஞ்சிவிடும். நேரடித் தெளிப்பு எஞ்சின்கள் 5 டிகிரிக்கு மேல் பிளக் இல்லாமலும் பெரும்பாலும் பற்றிவிடும், அதனால்தான் இவற்றில் பிளக் செத்தது முதல் கடுங்குளிர் வரும்வரை தெரிவதே இல்லை.

பிளக் நான்கும் சரி, மின்சாரமும் வருகிறது, ஆனாலும் குளிரில் ஐடில் ஏறவில்லை, புகைகிறது என்றால் கூலன்ட் சென்சாரைப் பாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கிறது என்று அது பொய் சொன்னால், கம்ப்யூட்டர் பிளக்கையும் போடாது, ஐடிலையும் ஏற்றாது. இதற்கு ஓர் எளிய சோதனை உண்டு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் போட்டு, ஸ்கேனரில் கூலன்ட், உள்வரும் காற்று, டீசல் ஆகிய மூன்றின் வெப்பநிலையையும் படியுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று மூன்று டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் தனித்து நின்றால் அதுதான் குற்றவாளி. இருநூறு ரூபாயோ இரண்டாயிரமோ, எந்தப் பாகத்தையும் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய சோதனை இது.

பிளக்கும் சென்சாரும் தேறிவிட்டால் மிச்சமிருப்பது கம்ப்ரஷன். கார் டீசலில் 25 முதல் 30 பார் இருந்தால் நல்லது. 20க்குக் கீழே வந்தாலோ, சிலிண்டர்களுக்கிடையே 5 பாருக்குமேல் வேறுபட்டாலோ குளிரில் அது நிச்சயம் தெரியும்.

நான்காவது நிமிடம்

ஸ்டார்ட் பிரமாதம். ஐடில் சீராக இருக்கிறது. மூன்று, நான்கு நிமிடம் போனபின், அல்லது வண்டியை எடுத்துக்கொண்டு தெருமுனை திரும்பியதும், ஆர்.பி.எம். துவண்டு, ஒருமுறை உயிர்பெற்று, மறுபடி துவண்டு நின்றுவிடுகிறது. இது எஞ்சினின் தவறே இல்லை. டீசலில் மெழுகு திரண்டுவிட்டது.

டீசலில் இயல்பாகவே பாரஃபின் மெழுகு கரைந்திருக்கிறது. குளிரக் குளிர அது படிகமாகி முதலில் டீசலைக் கலங்கச் செய்யும். அந்த வெப்பநிலைக்கு மேகப்புள்ளி என்று பெயர். அதற்கும் கீழே போனால் படிகங்கள் ஃபில்டரை அடைக்கும். கடைசியில் டீசல் ஓடவே மறுக்கும். ஈ.என். 590 தரத்தில் மிதவெப்பப் பகுதிகளுக்கான வகைகளை இந்த ஃபில்டர் அடைப்பு வெப்பநிலையை வைத்துத்தான் பிரிக்கிறார்கள். ஏ வகைக்கு 5 டிகிரி, பி 0, சி மைனஸ் 5, இப்படி ஐந்தைந்தாக இறங்கி எஃப் வகைக்கு மைனஸ் 20. துருவப் பகுதி வகைகள் மைனஸ் 44 வரை போகின்றன. ஆனால் அந்தச் சோதனையில் டீசலை இழுப்பது 45 மைக்ரான் வலை வழியாக. உங்கள் காரின் ஃபில்டரோ சில மைக்ரான் அளவுள்ள துகளையே பிடிக்கக்கூடியது. ஆகவே ரசீதில் மைனஸ் 15 என்று போட்டிருந்தால் மைனஸ் 15 வரை நிம்மதி என்று அர்த்தமில்லை. கோடையில் நிரப்பிய டீசல் பாதி டேங்க் மிச்சமிருக்கும்போது குளிர்கால டீசலை மேலே ஊற்றினால், கிடைப்பது இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. பயோடீசல் கலந்திருந்தால், அதிலும் பாமாயிலிலிருந்து எடுத்ததாக இருந்தால், மேகப்புள்ளி இன்னும் மேலே ஏறிவிடும்.

முதல் மூன்று நிமிடம் ஓடியது ஃபில்டருக்கு அப்பால் ஏற்கெனவே வடிகட்டி இருந்த டீசலில். டேங்கிலிருந்து புதிதாக வரும் மெழுகுக் கலவை ஃபில்டர் தாளின்மேல் படியப் படிய பம்புக்குப் பட்டினி. நின்றுபோன வண்டியைப் பத்து நிமிடம் விட்டால், எஞ்சினின் சூட்டில் ஃபில்டர் கொஞ்சம் இளகி மறுபடி ஸ்டார்ட் ஆகும், மறுபடி நிற்கும். இந்த விளையாட்டை நீட்டித்தால் உயரழுத்தப் பம்புதான் பாழாகும், ஏனென்றால் அதற்கு உயவு கொடுப்பதே டீசல்தான். ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். உள்ளே நெய் உறைந்தது போல் வெள்ளையாகப் படிந்திருந்தால் மெழுகு. அடியில் பளிங்குபோல் கட்டியாக இருந்தால் அது தண்ணீர் உறைந்தது. இரண்டுக்கும் வைத்தியம் வேறு.

மெழுகுக்குச் சூடு மட்டுமே மருந்து. வெந்நீரில் நனைத்த துணியை ஃபில்டரின்மேல் சுற்றலாம், முடிந்தால் வண்டியைக் கதகதப்பான இடத்துக்குத் தள்ளிக்கொண்டு போகலாம். தீயைப் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள். மெழுகு எதிர்ப்புக் கலவைகள் படிகம் உருவாவதற்கு முன் கலந்தால்தான் வேலை செய்யும். உறைந்தபின் ஊற்றுவது வீண். பழைய கையேடுகளில் மண்ணெண்ணெய் கலக்கச் சொல்லியிருப்பார்கள். அது பழைய பம்புகளுக்கான யோசனை. காமன் ரெயிலில் மண்ணெண்ணெயும் பெட்ரோலும் உயவைக் குறைத்து பம்பைத் தின்றுவிடும், சீட்டேனையும் குறைக்கும். வேண்டவே வேண்டாம்.

தண்ணீரைப் பொறுத்தவரை, குளிர்காலம் தொடங்குமுன் ஃபில்டரின் அடித் திருகைத் தளர்த்தி 100 மில்லி டீசலைக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து ஐந்து நிமிடம் வையுங்கள். அடியில் தனியாக ஒரு கோடு தெரிந்தால், தெளிவாக வரும்வரை வடித்துவிட்டுத் திருகை மூடுங்கள். புது ஃபில்டர் போட்டால் கேனிலிருந்து டீசலை அதில் நேராக ஊற்ற வேண்டாம். வடிகட்டாத டீசல் வெளியேறும் பக்கத்துக்குப் போய்விடும். கைபம்போ மின்பம்போ வைத்துக் காற்றை எடுங்கள்.

சூடான பின்னும் போகாத நடுக்கம்

எஞ்சின் 80 டிகிரிக்கு வந்த பிறகும் ஐடிலில் நடுங்குகிறது என்றால் குளிர் அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு சிலிண்டரும் பற்றியபின் கிராங்க் எவ்வளவு வேகம் பெறுகிறது என்று கம்ப்யூட்டர் அளந்து, சோம்பேறிச் சிலிண்டருக்கு டீசலைக் கூட்டியும் துடிப்பானதற்குக் குறைத்தும் கொடுக்கிறது. ஸ்கேனரில் இந்தத் திருத்த எண்களை இரண்டுமுறை குறித்துக்கொள்ளுங்கள், ஸ்டார்ட் செய்ததும் ஒருமுறை, சூடானபின் ஒருமுறை. குளிரில் ஒரு சிலிண்டருக்கு அதிகம் கேட்டு, சூட்டில் சைபரை நோக்கி வந்தால் பிளக் அல்லது கம்ப்ரஷன். இரண்டிலும் அப்படியே நின்றால் இன்ஜெக்டர். எந்தச் சிலிண்டர் என்று பார்க்க, ஓடும் எஞ்சினில் இன்ஜெக்டர் வயரைப் பிடுங்கும் பழக்கத்தைப் பீசோ வகை (மின்சாரம் பட்டால் நீளும் படிகத்தால் திறக்கும்) இன்ஜெக்டரில் செய்யாதீர்கள். திறந்த நிலையிலேயே நின்று சிலிண்டரை டீசலால் நிரப்பிவிடக்கூடும்.

திருத்த எண்கள் எல்லாம் நன்றாக இருந்தும் உடல் நடுங்கினால் எஞ்சினைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங்கையும், அதிர்வை உறிஞ்சும் இரட்டை ஃப்ளைவீலையும் பாருங்கள். குளிரில் மவுண்டிங் ரப்பர் இறுகுவதால் காலையில் மட்டும் நடுக்கம் கூடுதலாகத் தெரிவதும் உண்டு. ஐடிலில் கறும்புகை வந்தால் ஈ.ஜி.ஆர். வால்வு கரி பிடித்து முழுதாக மூடாமல் இருக்கலாம், ஒரு மில்லிமீட்டர் இடைவெளி போதும் கெடுக்க. இனிப்பு வாடையோடு வெள்ளைப் புகை தொடர்ந்து, கூலன்ட் குறைந்துகொண்டே வந்தால் ஹெட் கேஸ்கெட். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. பாஷ் வி.இ. என்ற டீசல் தெளிப்பு பம்ப் உள்ள பழைய வண்டிகளில் குளிர் நேரத்தில் தெளிப்பை முன்தள்ளும் நெம்புகோல் ஒன்று உண்டு. அது துருவேறி இறுகிவிட்டால் காலையில் வெள்ளைப் புகை நிற்கவே நிற்காது. கையால் அசைத்துப் பார்த்தாலே தெரியும். சரியாக வேலை செய்தால் சத்தம் கூடி, புகை குறையும்.

நிற்கவைத்துச் சூடாக்குவது

குளிரில் வண்டியை ஸ்டார்ட் செய்துவிட்டு இருபது நிமிடம் நிற்கவிடுவது டீசலுக்கு நல்லது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. கணக்குப் போட்டால் அது நிற்காது. ஐடிலில் ஒரு 1.5 முதல் 2 லிட்டர் டீசல் எஞ்சின் மணிக்குச் சுமார் 0.6 லிட்டர் குடிக்கும். ஒரு லிட்டர் டீசலில் 36 மெகாஜூல், ஆக சராசரி 6 கிலோவாட். அதில் பாதி, 3 கிலோவாட், எஞ்சினைச் சூடாக்கப் பயன்படுவதாக வைத்துக்கொள்வோம். 150 கிலோ உலோகம், 7 லிட்டர் கூலன்ட், 5 லிட்டர் ஆயில் இவற்றை மைனஸ் 10லிருந்து 80 டிகிரிக்குக் கொண்டுவர 11 மெகாஜூல் வேண்டும். 3 கிலோவாட்டில் அதற்கு ஒரு மணி நேரம். காற்றில் போகும் சூட்டையும் கேபின் ஹீட்டர் உறிஞ்சுவதையும் நான் இன்னும் கழிக்கவில்லை. ஐடிலில் ஒரு கிராம் டீசலுக்கு 60, சில சமயம் 100 கிராம் காற்று உள்ளே போகிறது. குளிர்ந்த காற்று நுழைந்து, கொஞ்சம் சூட்டைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுகிறது. சூடான டீசல் வண்டி கடுங்குளிரில் சிக்னலில் நின்றால் கூலன்ட் முள் கீழே இறங்குவதும் இதனால்தான்.

அந்த நேரத்தில் சைலன்சர் பக்கம் புகை 100 முதல் 150 டிகிரிதான் இருக்கும். புகையின் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டி.பி.எஃப். தன்னில் சேர்ந்த கரியை எரித்துக்கொள்ள 600 டிகிரியை ஒட்டி வேண்டும். ஆகவே கரி சேரும், எரியாது. ஈ.ஜி.ஆர். பாதையில் ஈரக் கரி பிசின்போல் படியும். பற்றாத டீசல் சிலிண்டர் சுவரில் இறங்கி ஆயிலோடு கலக்கும். ஸ்டார்ட் ஆனதும் ஆயில் எல்லா இடத்துக்கும் போய்ச்சேர இருபது, முப்பது வினாடி கொடுங்கள், மைனஸ் 20க்குக் கீழே என்றால் ஒன்றிரண்டு நிமிடம். பிறகு வண்டியை எடுத்து, முதல் பத்து நிமிடம் 2000, 2500 ஆர்.பி.எம்.முக்குள், மிதமாக ஓட்டுங்கள். மேல் கியரில் 1200இல் திணறவிடவும் வேண்டாம். நின்ற இடத்தில் ரேஸ் பண்ணுவது எல்லாவற்றையும்விடக் கெட்டது, கெட்டியான ஆயிலில் டர்போ தாங்கியைச் சுழற்றுகிறீர்கள். மூடிய கராஜில் அரை நிமிடம்கூட ஓடவிட வேண்டாம், பனி விழுந்திருந்தால் சைலன்சர் வாய் மூடியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

நிஜமாகவே கடுங்குளிர் உள்ள இடத்தில் இருப்பவர்களுக்கு என் பரிந்துரை மின்சார பிளாக் ஹீட்டர். 500 முதல் 1000 வாட் போதும். ராத்திரி முழுக்கப் போடத் தேவையில்லை, புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்னால் டைமரில் வையுங்கள். சூடான பிளாக்கில் செல்ஃப் வேகமாகச் சுற்றும், பற்றும் தாமதம் குறையும், வெள்ளைப் புகை ஏறக்குறைய இருக்காது. ஆனால் மெழுகுப் பிரச்சினையை இது தீர்க்காது, டேங்க் குளிரில்தானே இருக்கிறது.

அரை மணி நேரம் ஓடியும் கூலன்ட் 88, 90 டிகிரிக்கு வராமல் 65, 70இல் நிற்கிறது என்றால் தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருக்கிறது. பல வண்டிகளில் அந்த நிலையில் டி.பி.எஃப். சுத்திகரிப்பு தொடங்கவே செய்யாது. தொடங்கிப் பாதியில் நின்றுபோகும் சுத்திகரிப்புகளால் டீசல் ஆயிலில் இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் குளிர்காலத்தில் குறுந்தூரம் மட்டும் ஓடும் வண்டியில் வாரம் ஒருமுறை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, சமதளத்தில் நிறுத்தி ஆயில் குச்சியை எடுத்துப் பாருங்கள். மட்டம் குறையாமல் ஏறியிருந்தால், குச்சி நுனியில் டீசல் வாடை அடித்தால், ஆயில் நீர்த்துவிட்டது. மேல் கோட்டைத் தாண்டிவிட்டிருந்தால் ஓட்டாமல் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். ஆயில் மூடியின் உள்பக்கம் மயோனைஸ் போல் வெளிறிய நுரை இருந்து, கூலன்ட் அளவு குறையாமல் இருந்தால் அது வெறும் ஈரம். ஒரு மணி நேர நெடுஞ்சாலை ஓட்டத்தில் ஆவியாகிவிடும்.